முப்பத்தொன்பது டொலர் தொண்ணூற்றைந்து சதம்

மூன்றாம் இலக்கக் கணினி.
திரையில் ஒரு பூட்டுப் படம்,
அதன் கீழே விலை:
முப்பத்தொன்பது டொலர், தொண்ணூற்றைந்து சதம்.
இருபத்துநாலு மணித்தியாலம் வாசிக்கலாம்.
அச்சிட அனுமதியில்லை.

நஸ்லியா கதிரையை விட்டு எழும்பவில்லை.
"மிஸ், இது எங்கட உப்பாறு."
தலைப்பில் உப்பாறு இருந்தது,
கிண்ணியாவும் இருந்தது, எழுத்துப்பிழையோடு.
சுருக்கத்தின் ஆறாவது வரியில்
மட்டி பொறுக்கும் பெண்கள் நாற்பத்திரண்டு பேர்.
"அதில ஒராள் என்ட உம்மா.
ரெண்டு வெள்ளைக்காரர் வந்து
இடுப்பளவு தண்ணியில நின்டு
வாளியை நிறுத்துப் பார்த்தாங்க.
உம்மா இளநி வெட்டிக் குடுத்தா.
காசு வாங்கல்ல."

டொலரை ரூபாயாக்கிப் பார்த்தேன்.
பன்னிரண்டாயிரத்துக்குப் பதினைந்து ரூபாய் குறைவு.
அது எத்தனை வாளி என்று
அவள் எனக்கு முன்பே கணக்கை முடித்திருந்தாள்.

கோணேசபுரியில் உப்புக்காற்று
இறாக்கைகளின் கால்களைத் தின்கிறது.
சந்தாவுக்கு நான் எழுதிய கடிதம்
நிதிப்பிரிவில் கிடக்கிறது,
இரண்டு பதிவாளர்கள் மாறிவிட்டார்கள்.
பூட்டை உடைத்துத் தரும் தளங்கள்
பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.
காணாதவள்போல் நான்
பத்திரிகை மேசைப் பக்கம் நடப்பதும் உண்டு.

இன்று நடக்கவில்லை.
எழுதியவரின் பெயரைப் பிடித்து,
அவருடைய பல்கலைக்கழகத்தைப் பிடித்து,
அதன் களஞ்சியத்துக்குள் இறங்கினோம்.
அங்கே இருந்தது,
அலங்காரம் ஏறாத கடைசிப் படி,
சின்னம் இல்லாமல்,
ஓரத்தில் வரி இலக்கங்களோடு,
வற்றிய மணலில் மட்டி கிடப்பதுபோல
எடு என்று கிடந்தது.

அவள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தாள்.
நன்றி:
நிதி தந்த மன்றம், கருவி தந்த கம்பனி,
பெயர் அறியாத மதிப்பீட்டாளர் இருவர்,
உள்ளூர்ப் பெண்கள்.
அப்புறம் ஒரு முற்றுப்புள்ளி.
நெடுநேரம் அந்தப் புள்ளியையே பார்த்தாள்.
பிறகு,
"ஐந்தாம் அட்டவணை பிழை மிஸ்.
மார்கழியில அங்க ஆரும் இறங்க மாட்டாங்க.
வெள்ளம் வந்தா உவர் போயிரும்.
இதை ஆரும் எழுதல்லையா?"

எழுதியிருக்கிறார்கள்.
என் முதுகுக்குப் பின்னால், கண்ணாடி அலுமாரியில்,
மூன்றாம் தட்டில், கறுப்பு மட்டையில் பொன்னெழுத்து:
யோ. திலகேஸ்வரி,
உப்பாற்றின் மாரிகால உவர்ப்பு, இளமாணி ஆய்வு.
கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது:
உசாத்துணைக்கு மட்டும், படியெடுத்தல் தடை.
அது என் கையெழுத்து.
திறப்பு என் கழுத்துப் பட்டியில்
அடையாள அட்டையோடு ஆடுகிறது.
பதினைந்து வருடத்தில் கையொப்பப் புத்தகத்தில் ஒரே ஒருவர்.
அவரும் அலுமாரி மாறி வந்தவர்.

அங்கே விலையாவது எழுதியிருந்தது.

திலகேஸ்வரி இப்போது கந்தளாயில்
தண்ணீர்க் கட்டணம் பதிகிறாள்.
"அதுவா? இன்னும் இருக்கா?"
தொலைபேசியில் கொஞ்சநேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"போடுங்கோ மிஸ்.
மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரைபு தலைகீழ்.
ஆரும் கண்டுபிடிக்கேல்லை.
அப்படியே போடுங்கோ."

"திருடிவிடுவார்கள்" என்றார் துறைத்தலைவர்.
"முதலில் வாசிக்கட்டும் சேர்" என்றேன்.
கையெழுத்திட்டார், பேனைதான் என்னுடையது.

ஸ்கேனர் சூடேறும்வரை காத்திருந்து
பக்கம் பக்கமாகக் கிடத்தினேன்.
நடுவில் மின்சாரம் ஒருமுறை போய் வந்தது.
அறுபத்தோராம் பக்கத்தில்
பழைய நுளம்பு ஒன்று நசுங்கி இருந்தது.
அதுவும் ஏறிவிட்டது, விட்டுவிட்டேன்.
படிவத்தின் கடைசிக் கேள்வி:
மட்டுப்படுத்தியதா, திறந்ததா?
சுட்டி திறந்ததன்மேல் நின்றது.
கண்ணாடியில் ஒட்டிய தாளை
நகத்தால் சுரண்டிவிட்டு வந்து அழுத்தினேன்.
பசை இன்னும் போகவில்லை.

இரவு எட்டரைக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு செய்தி:
"உம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன்.
திலகேஸ்வரி மிஸ் சரியாம்.
ஆனா இறால் பாடு பக்கம் ஆழம் பிழையாம்.
திருத்தம் எங்க எழுதுற மிஸ்?"

படிவத்தை மறுபடி மேலிருந்து கீழே உருட்டினேன்.
அதற்கொரு கட்டம்
நாங்கள் வைக்கவில்லை.